மஞ்சள் தூர் அழுகுகிறது. மண்ணில் உள்ள கிருமியை எல்லாம் கொன்றுவிடலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் இரண்டு ஏக்கர் மஞ்சள் போட்டிருக்கிறேன். ஐந்து மாதப் பயிர். ஐப்பசி மழைக்குப் பிறகு மடைப் பக்கம் இலை ஓரம் காய்ந்து, தூர் சாய்கிறது. இழுத்தால் தண்டு கையோடு வந்துவிடுகிறது. கிழங்கு கொழகொழவென்று இருக்கிறது, உள்ளே வெள்ளைப் புழுவும் இருக்கிறது. மருந்துக்கடையில் டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், கார்பென்டாசிம் மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து ஊற்றச் சொன்னார்கள். ஊற்றிப் பத்து நாளாகியும் நிற்கவில்லை. இந்த நுண்ணுயிர் பாக்கெட் எல்லாம் ஏமாற்று வேலையா? மண்ணில் இருக்கிற கிருமி மொத்தத்தையும் கொல்ல ஒரு மருந்து சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் சொல்வது கிழங்கு அழுகல் நோய். புழுவுக்கு மருந்து வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது கிழங்கு அழுகத் தொடங்கிய பிறகு வந்து முட்டையிடும் ஈயின் புழு. அழுகலுக்குக் காரணம் பித்தியம் என்ற மண் கிருமி. பூஞ்சை என்று பேச்சுக்குச் சொல்கிறோம், ஆனால் அது உண்மையான பூஞ்சை இனமே இல்லை. நீர்ப்பாசிகளுக்குத்தான் நெருங்கிய உறவு. அதனால்தான் பூஞ்சைக்கொல்லியான கார்பென்டாசிம் அதை ஒன்றும் செய்யாது. கடைக்காரர் கொடுத்த கலவையில் கார்பென்டாசிம் நோய்க்கிருமியை விட்டுவிட்டு, கூடவே ஊற்றிய டிரைக்கோடெர்மாவைக் கொன்றிருக்கிறது. டிரைக்கோடெர்மா நோய்க்கிருமியை அடக்குகிற அசல் பூஞ்சை, அந்த மருந்துக்கு உடனே படுத்துவிடும். சூடோமோனாஸ் பாக்டீரியா என்பதால் தப்பித்திருக்கலாம், ஆனால் அழுகிப்போன கிழங்கை அதனாலும் மீட்க முடியாது. உங்கள் காசில் நண்பனைக் கொன்று எதிரியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். எது எதோடு சேரும் என்று தெரியாதவர்கள் டேங்க் கலவை சொல்லக் கூடாது. மூன்று பாக்கெட் விற்றால் மூன்று லாபம் என்பதைத் தவிர அந்தக் கலவைக்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மண்ணில் எல்லாவற்றையும் கொல்வது பற்றி: வேண்டவே வேண்டாம். ஒரு சிட்டிகை நல்ல மண்ணில் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கும். எருவை மக்க வைப்பது, மண்ணில் இறுகிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தருவது, உளுந்து, கடலை வேரில் முடிச்சுப் போட்டுத் தழைச்சத்தைப் பிடித்து வைப்பது எல்லாம் இந்தக் கூட்டம்தான். மஞ்சள் வேரோடு ஒட்டி வாழ்ந்து, வேர் எட்டாத இடத்திலிருந்து சத்தை இழுத்துத் தரும் வேர்ப்பூஞ்சையும் உண்டு. முதல் மழைக்கு எழும் மண்வாசனைகூட ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர் கொடுப்பது. கெடுதல் செய்பவை இந்தக் கூட்டத்தில் கொஞ்சம்தான். போட்டிக்கு ஆள் இருக்கிறவரை அவை அடங்கிக் கிடக்கும். மொத்த மண்ணையும் சுத்தம் செய்தால் காலியான இடத்துக்கு முதலில் ஓடி வருகிறவர்களில் பித்தியம் ஒன்று. நாற்றங்கால் மண்ணை ஆவியில் வேகவைத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி தண்ணீரைப் பற்றியது. நோய் மடைப் பக்கம் தொடங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பித்தியத்தின் வித்துக்கு வால் உண்டு, ஈரத்தில் நீந்திப் போகும். வயலுக்கு வயல் தண்ணீர் பாய்கிற ஏற்பாட்டில் மேல் வயலுக்காரர் நோய் உங்களுக்கும், உங்கள் நோய் கீழ் வயலுக்கும் போகும். முதலில் பாசனத்தை நிறுத்தி, சாய்ந்த பக்கம் ஒரு அடி ஆழத்துக்கு வடிகால் வெட்டுங்கள். அழுகிய தூர்களைச் சுற்றுமண்ணோடு தோண்டி எடுத்து எரித்துவிடுங்கள். வாய்க்காலில் எறிந்தால் ஊருக்கே பங்கு வைத்ததாகும். எடுத்த குழியிலும் சுற்றியுள்ள நல்ல தூர்களிலும் மெட்டலாக்சிலும் மேன்கோசெப்பும் சேர்ந்த மருந்தை லிட்டருக்கு 1.25 கிராம் கலந்து வேர் நனைய ஊற்றுங்கள். இந்த வருடம் மீதியைக் காப்பாற்ற இதுதான் வழி. சாய்ந்த தூர் திரும்பி வராது.

சரி, பாக்கெட் ஏமாற்றா என்றீர்கள். பாக்கெட்டுக்குள் இருப்பது உயிர். அதைத்தான் நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள், விற்கிறவர் வாங்குகிறவர் இரண்டு பேரும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில், யூரியா மூடை மேல் அடுக்கி வைத்த டிரைக்கோடெர்மாவில் மிஞ்சுவது வெறும் டால்க் பவுடர். வாங்கும்போது பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி மூன்றையும் பாருங்கள். டிரைக்கோடெர்மா பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றே விற்கப்பட வேண்டிய பொருள். கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிர்வித்து இருக்க வேண்டும். தயாரித்து நான்கு மாதத்துக்கு மேல் ஆனதை நான் தொடமாட்டேன், அட்டையில் ஒரு வருடம் என்று போட்டிருந்தாலும். பாதி விலைக்குத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். தேதி அழிந்த பாக்கெட்டைக் கொடுத்து ‘இயற்கைப் பொருளுக்குத் தேதி கிடையாது’ என்று சொல்கிற கடைக்குத் திரும்பப் போகாதீர்கள்.

அப்புறம், நல்ல பாக்கெட்டையும் காய்ந்த மண்ணில் தூவினால் வீண். கொதிக்கிற பாலில் உறைமோர் ஊற்றிவிட்டுத் தயிருக்குக் காத்திருப்பது போலத்தான் அது. மரத்தடி நிழலில் நன்றாக மக்கிய எரு 100 கிலோவுக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மா கலந்து, தண்ணீர் தெளித்து, பிடித்தால் உருண்டை நிற்கும் பக்குவத்தில் வைத்து, ஈரச்சாக்கால் மூடுங்கள். பச்சைச் சாணி வேண்டாம், அது சூடேறிக் கெடுக்கும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் எருவின் மேல் முதலில் வெள்ளை நூல் ஓடி, பிறகு பச்சைப் பொடி பூத்து வரும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வயலுக்குக் கொண்டுபோக வேண்டும். பதினைந்து நாள் கழித்தும் சாக்கைத் தூக்கினால் எருவாகவே கிடக்கிறது என்றால் பாக்கெட் செத்தது என்று அர்த்தம். அட்டையோடு கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். இந்தப் பதினைந்து நாள் வேலைக்குப் பொறுமை இல்லாதவர்கள் பாக்கெட்டே வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இப்போது மேன்கோசெப் ஊற்றுவதால் பதினைந்து இருபது நாள் இடைவெளி விட்டு, ஈரம் இருக்கும் சாயங்கால வேளையில் இந்த எருவைத் தூரைச் சுற்றிப் போடுங்கள். எரு தயாராகவும் அத்தனை நாள் ஆகும், கணக்குச் சரியாக இருக்கும்.

அடுத்த பட்டத்துக்கு இந்த வயலில் மஞ்சளும் இஞ்சியும் வேண்டாம், நெல்லுக்கு விடுங்கள். விதைக் கிழங்கையும் இந்த வயலிலிருந்து எடுக்காதீர்கள், நன்றாக இருக்கிற பகுதியாக இருந்தாலும் சரி. வெளியில் வாங்கும் விதையை லிட்டருக்கு 3 கிராம் மேன்கோசெப் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி நடுங்கள். அப்படி நனைத்த விதையின் மேல் டிரைக்கோடெர்மா பூச வேண்டாம்; அதை எருவோடு மண்ணுக்குக் கொடுத்தால் போதும்.