கேள்வி - பதில்: சிறுநீரக மாற்றுக்கு முன்னால்

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. இருபது வருடமாகச் சர்க்கரை. கிரியேட்டினின் (ரத்தத்தில் தேங்கும் கழிவு) 4.8, ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் அளவு) 13. டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் மாற்று அறுவை சிகிச்சைக்கான பரிசோதனைகளைச் செய்யச் சொல்கிறார் டாக்டர். நன்றாக நடமாடும் மனிதரை இப்போதே அலைய வைக்க வேண்டுமா?
- வாசகர், திருச்சி

பதில்: வேண்டும். ஈ.ஜி.எஃப்.ஆர். 20-ஐத் தொட்டபோதே தொடங்கியிருந்தால் இன்னும் நல்லது. டெஸ்ட் எடுக்கச் சில வாரங்கள் போதும். ஆனால் அதில் ஒரு கோளாறு தெரிந்தால் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். காலம் கரைவது அங்கேதான்.

முதலில் இதயம். நீண்ட நாள் சர்க்கரை நரம்புகளை மந்தமாக்கிவிடும். இதயத்துக்கு ரத்தம் குறைந்தாலும் நெஞ்சு வலிக்காமல் போகலாம். எக்கோ நார்மல் என்பதோடு நிம்மதி அடையாதீர்கள். இதயம் எப்படிச் சுருங்கி விரிகிறது என்பதை அது காட்டும்; ரத்தக்குழாய் அடைப்பை நேராகக் காட்டாது. அதனால் ஸ்ட்ரெஸ் டெஸ்ட், அதில் சந்தேகம் வந்தால் ஆஞ்சியோகிராம். ஆஞ்சியோவில் செலுத்தும் சாயம் மிச்சமிருக்கும் சிறுநீரகத் திறனையும் பாதிக்கலாம் என்பதால், இதய மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் கலந்து பேசியே தேதி குறிக்க வேண்டும். ஸ்டென்ட் வைக்க நேர்ந்தால், ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகளைப் பெரும்பாலும் 6 முதல் 12 மாதம் சேர்த்துச் சாப்பிட வேண்டியிருக்கும். அதுவரை மாற்று அறுவை சிகிச்சை தள்ளித்தான் போகும்.

அடுத்தது இடுப்புப் பகுதி ரத்தக்குழாய்கள். புதுச் சிறுநீரகத்தைப் பழையது இருக்கும் இடத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றில் வைத்து, காலுக்குப் போகும் தமனியோடு தைப்பார்கள். அதன் சுவரில் சுண்ணாம்பு படிந்து ஓடுபோல் ஆகியிருந்தால் தையல் நிற்காது. சாயம் ஏற்றாத சி.டி. ஸ்கேனிலேயே இது தெரிந்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாத தொல்லையும் உண்டு. சிறுநீர் கழித்த பிறகு எவ்வளவு தேங்குகிறது என்று ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள். சொத்தைப் பல், காலில் ஆறாத புண், நெஞ்சில் பழைய காசநோய்த் தழும்பு எதுவாக இருந்தாலும் மறைக்காதீர்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை தொடங்கியதும் அவைதான் முதலில் தலைதூக்கும்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை இந்த வாரமே ஆரம்பியுங்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு வழக்கமாக இரட்டை அளவு, அதாவது 40 மைக்ரோகிராம், 0, 1, 2, 6 என்ற மாதக் கணக்கில். நோய் முற்ற முற்ற ஊசி பிடிப்பது குறையும். கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) அளவு 10-க்கு மேல் வந்ததா என்று பாருங்கள். சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் தேவைப்பட்டால் அறுவை சிகிச்சைக்கு 4 வாரமாவது முன்பே முடிந்துவிட வேண்டும். பிறகு போடக் கூடாது.

கொடையாளர் அமையத் தாமதமானால் டயாலிசிஸ் வரும். அதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உண்டாக்கும் ஃபிஸ்டுலா பக்குவப்பட 6 வாரத்துக்கு மேல் ஆகும். இடது கை (இடதுகைக்காரர் என்றால் வலது கை) ரத்தக்குழாயில் ஊசி குத்த யாரையும் விடாதீர்கள்.

கேள்வி: எனக்கு மூன்று பிள்ளைகள். கணவர் சிறுநீரகம் தர முன்வந்தார். ரத்த குரூப் ஒன்றுதான். ஆனாலும் கிராஸ்மேட்ச் பாசிட்டிவ், அவருடையது சேராது என்கிறார்கள். டயாலிசிஸில் இரண்டு முறை ரத்தம் ஏற்றினார்கள். அது காரணமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: காரணமாக இருக்கலாம், பிரசவங்களும் காரணமாக இருக்கலாம். குழந்தையின் திசு அடையாளத்தில் பாதி அப்பாவுடையது. கர்ப்பத்தின்போது உங்கள் உடல் அதற்கு எதிராக உருவாக்கிய எதிர்ப்பொருள்கள் பல வருடம் கழித்தும் கணவரின் சிறுநீரகத்தை அந்நியமாக அடையாளம் கண்டுகொள்ளும். கிராஸ்மேட்ச் என்பது அவருடைய வெள்ளணுக்களையும் உங்கள் ரத்த நீரையும் சேர்த்துப் பார்ப்பது. அதைப் பொருட்படுத்தாமல் வைத்தால் சில மணி நேரத்திலேயே சிறுநீரகம் கருகிப்போகும்.

கதவு மூடிவிடவில்லை. எந்த எதிர்ப்பொருள், எவ்வளவு என்பதை லூமினெக்ஸ் டெஸ்ட் சொல்லும். குறைவாக இருந்தால் பிளாஸ்மா மாற்றி, மருந்து கொடுத்துக் குறைக்க முயலலாம். செலவும் தொற்று ஆபத்தும் அதிகம். இதே சிக்கலில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு கொடையாளர்களை மாற்றிக்கொள்வதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. உங்கள் நிலையில் அதை முதலில் விசாரிப்பதே நல்லது. உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்கலாம். மூளைச்சாவு அடைந்தவரின் தானத்துக்கான டிரான்ஸ்டான் (தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையம்) பட்டியலில், பதிவுபெற்ற மருத்துவமனை வழியாகத்தான் பெயர் சேர்க்க முடியும்.

இனி ஹீமோகுளோபின் குறைந்தால் ரத்தம் ஏற்றச் சம்மதிப்பதற்கு முன், இரும்புச்சத்து ஊசியும், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசியும் சரியான அளவில் போகின்றனவா என்று கேளுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் மறுக்காதீர்கள். வெள்ளணு நீக்கிய ரத்தம் கேளுங்கள். அது ஆபத்தைக் குறைக்கும், முழுதாக நீக்காது. ஏற்றினால் சில வாரம் கழித்து எதிர்ப்பொருள் டெஸ்ட்டைத் திரும்ப எடுக்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. எனக்குச் சிறுநீரகம் தரலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: வயது மட்டும் தடையல்ல. ஜி.எஃப்.ஆர். 90-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 60-க்குக் கீழே என்றால் கூடாது. இடைப்பட்டிருந்தால் வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் போகும் புரதம் எல்லாம் சேர்த்து முடிவெடுப்பார்கள். உங்கள் நோய், சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் நிறைய வளரும் பரம்பரை நோய் என்றால் அம்மாவுக்கு அது இல்லை என்பதை ஸ்கேனில் உறுதிசெய்யாமல் ஒரு படிகூட நகரக் கூடாது.

கேள்வி: தம்பி டிபி மாத்திரை சாப்பிடுகிறான். மாற்று சிகிச்சையை முடித்துவிட்டு மாத்திரையைத் தொடரலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: பொறுங்கள். டிபி மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தைக் கல்லீரலில் வேகமாகச் சிதைய வைத்துவிடும். ரத்தத்தில் அதன் அளவு இறங்கினால் உடல் புதுச் சிறுநீரகத்தை நிராகரிக்கும். டாக்ரோலிமஸ் அளவைக் கூட்டினால், ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகு அது நஞ்சாகும். டிபி கோர்ஸை முழுதாக முடிக்கட்டும். அதுவரை டயாலிசிஸ் தொடரட்டும். மற்ற பரிசோதனைகளை இதற்கிடையில் முடித்து வைத்துக்கொள்ளலாம்.