கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிறவர் ரேபிஸ் தடுப்பூசி முன்கூட்டியே போட்டிருந்தால், நாயோ பூனையோ கடித்த பிறகு மறுபடியும் ஊசி போட வேண்டுமா?

போட வேண்டும். 0, 7, 21 (அல்லது 28) ஆம் நாட்களில் மூன்று ஊசியும் முடித்தவருக்கும், கடிபட்ட அன்றே ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று என இரண்டு ஊசி உண்டு. முன்னூசியால் கிடைக்கும் பெரிய லாபம், இம்யூனோகுளோபுலின் (காயத்தில் ஏற்றும் தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) தேவைப்படாது என்பதுதான்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விரலில் கடிபட்டவருக்குத்தான் தெரியும். முன்னூசி போடாத 60 கிலோ எடையுள்ளவருக்கு, கிலோவுக்கு 20 யூனிட் வீதம் மனித இம்யூனோகுளோபுலின் 1200 யூனிட் வரும். மில்லிக்கு 150 யூனிட் உள்ள மருந்தென்றால் 8 மில்லி. அதைக் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் ஏற்ற வேண்டும். விரல் நுனியில் அவ்வளவு இடம் ஏது? கொள்கிற அளவுக்குத்தான் ஏற்ற முடியும். அழுத்தி ஏற்றினால் இரத்த ஓட்டமே தடைபடும். கூடவே தடுப்பூசியும் உண்டு, தசையில் போடுவதானால் 0, 3, 7, 14, 28 ஆம் நாட்கள் என்று ஐந்து தவணை.

பல இடங்களில் டாக்டர் மட்டும் ஊசி போட்டிருப்பார். நாயின் தலையைப் பிடிக்கிற உதவியாளரும் கூண்டு கழுவுகிறவரும் போட்டிருக்க மாட்டார்கள். கடி முதலில் விழுவது அவர்கள் கையில்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர்களுக்கு ஊசியைத் தொடங்கிவிட வேண்டும். ஊசி அட்டையை போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அட்டை இல்லாமல் போனால், போடாதவராகக் கருதித்தான் சிகிச்சை தொடங்குவார்கள்.

ஊசிக்குக் கிளம்பும் முன் கழுவ வேண்டும். குழாயைத் திறந்து விட்டு, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். இரண்டாவது நிமிடத்திலேயே "போதும்" என்று தோன்றும், நிறுத்தாதீர்கள். பிறகு போவிடோன் அயோடின். சுண்ணாம்பு, மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். தையலையும் கூடியவரை தவிர்க்க வேண்டும். போட்டே ஆக வேண்டுமென்றால் இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிறகுதான். டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடியே இல்லாமல் மாட்டிடமிருந்தும் ஆபத்து வரும். "தீனி எடுக்கலை, எச்சில் ஊத்துது, குரல் மாறிக் கத்துது, தொண்டையில ஏதோ அடைச்சிருக்கு" என்று கூப்பிடுவார்கள். மாங்கொட்டை சிக்கியிருக்கலாம், ரேபிஸாகவும் இருக்கலாம். வெறுங்கையை வாய்க்குள் விட்டுத் துழாவினால், நகக்கண்ணில் இருக்கும் சின்னக் கீறலில் எச்சில் பட்டாலே மூன்றாம் வகை, அதாவது உயர்ந்தபட்ச ஆபத்துள்ள தொடர்பு. தோள்வரை வரும் கையுறை, முகக்கவசம், கண்ணாடி இல்லாமல் அந்த வாயைத் திறக்கக் கூடாது. கடித்த விலங்கு நலமாக இருக்கிறதா என்று பத்து நாள் கவனித்துப் பார்க்கும் விதி நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான், மாட்டுக்குப் பொருந்தாது. நாய், பூனை என்றாலும் பத்து நாள் போகட்டும் என்று ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது.

ரேபிஸ் பயத்தில் மறந்துபோவது பூனைக்கடியின் சீழ். பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி. வெளியே இரண்டு புள்ளி, ஒரு சொட்டு இரத்தம், அவ்வளவுதான் தெரியும். உள்ளே தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் உறை, மூட்டு வரை பாஸ்டுரெல்லா கிருமியை இறக்கிவிட்டுப் போயிருக்கும். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்வதால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் கை வீங்கிச் சிவந்துவிடும். மருந்துக்கடையில் கேட்டு செபலெக்சினோ எரித்ரோமைசினோ என்று ஏதாவது ஒரு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது வழக்கமாக இருக்கிறது. பாஸ்டுரெல்லாவுக்கு இரண்டையும் நம்ப முடியாது. கையில் பட்ட பூனைக்கடிக்கு வீக்கம் வரும் முன்பே மருத்துவர்கள் பொதுவாக அமாக்சிசிலின்-கிளாவுலனேட் தருவார்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மண்ணீரல் எடுத்தவர்களும் சர்க்கரை நோயாளிகளும் நாய்க்கடியையும் இதே அவசரத்தோடு பார்க்க வேண்டும்.

விரல் முழுக்க ஒரே சீராக வீங்கி, தானாகவே சற்று மடங்கி நின்று, தசைநாண் ஓடும் கோட்டில் தொட்டால் வலித்து, அடுத்தவர் மெல்ல நிமிர்த்தினாலே உயிர் போகிற மாதிரி இருந்தால் மாத்திரையோடு காத்திருக்காதீர்கள். தசைநாண் உறைக்குள் சீழ் கட்டுவதன் அடையாளம் அது. அன்றைக்கே கை அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தாமதித்தால் விரல் நிரந்தரமாக விறைத்துப் போகலாம்.