வாசகர் கேள்வி – பதில்: தடம் தெரியாத கடி

களத்தில் நெல் காவலுக்குப் படுத்திருந்த சித்தப்பா, விடியற்காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அஜீரணம் என்று சோடா கொடுத்தோம். எட்டு மணிக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. கட்டு விரியன் கடி என்றார் டாக்டர். உடம்பில் தடமே இல்லையே?
– வாசகர், மேலூர்

கட்டு விரியனின் பல் ரொம்பச் சின்னது. வலி, வீக்கம் பெரும்பாலும் இருக்காது. கொசு என்று நினைத்துப் புரண்டு படுத்துவிடுவார்கள். ராத்திரியில் நடமாடும் பாம்பு என்பதால் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். தரையில் தூங்கி எழுந்தவருக்குக் காரணமில்லாத வயிற்று வலி, கூடவே இமை சரிகிறது, பார்வை இரண்டாகத் தெரிகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால், இல்லை என்று உறுதியாகும் வரை அது பாம்புக்கடிதான். சோடா கொடுத்ததும் ஆபத்து. விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

இந்த விஷம் நரம்பின் நுனியையே சிதைக்கிறது. விஷமுறிவு மருந்து ரத்தத்தில் திரியும் விஷத்தைப் பிடிக்குமே தவிர, சிதைந்த நுனியைச் சரிசெய்யாது. அது தானாக வளர நாள்கணக்காகும். அதுவரை வென்டிலேட்டர்தான் மூச்சு. 'மெஷின் போட்டாச்சு, அவ்வளவுதான்' என்று உறவினர்கள் கைவிட வேண்டாம். சமயத்தில் மூச்சைக் காப்பாற்றிவிட்டால் முழுசாகத் தேறி எழுந்துவிடுவார்கள்.

மல்லி எடுக்க இருட்டிலேயே தோட்டத்துக்குப் போகிறோம். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டி, வேப்பிலை கசக்கிறதா என்று பார்த்து, சிறியாநங்கை கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். சரியா?
– வாசகி, உசிலம்பட்டி

மூன்றும் வேண்டாம். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் கடித்த இடத்துச் சதையையே அழுகச் செய்யும். இறுக்கிக் கட்டினால் விஷம் அங்கேயே தேங்கும், ரத்த ஓட்டமும் நிற்கும். காலையே எடுக்க வேண்டி வரலாம். ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்காதீர்கள், டாக்டர் முன்னால் அவிழ்க்கட்டும்.

நாக்குக் கசப்பை வைத்து விஷத்தை அளக்க முடியாது. பச்சிலை 'பலித்த' கதைகளில் பாதி, விஷம் இறங்காத வெறுங்கடி. மீதி சாரை, தண்ணிப்பாம்பு. சுடுகாட்டுப் புகையைப் பார்த்துவிட்டுத்தான் போகும் என்று ஊரே நடுங்கும் கொம்பேறி மூக்கனால் மனிதருக்கு ஆபத்தே இல்லை!

கடித்தவுடன் மெட்டி, கொலுசு, மோதிரம், வளையலைக் கழற்றுங்கள், வீங்கினால் கழறாது. எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல ஒரு குச்சியை வைத்து, துண்டால் தளர்வாகக் கட்டுங்கள். நடக்க விடாதீர்கள், தசை அசைய அசைய விஷம் ஏறும். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரத் தாமதமானால் பைக்கில் இருவருக்கு நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோகலாம். கீறுவது, உறிஞ்சுவது கூடாது. பாம்பை அடித்து எடுத்துப் போகவும் வேண்டாம்: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நான்குக்கும் ஒரே மருந்துதான். தோட்டத்துக்கு டார்ச்சும் முழங்கால் வரை கம்பூட்ஸும் போதும்.

கண்ணாடி விரியன் கடித்த 6 வயது மகளுக்கு 10 குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றி, ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் ஏற்றினார்கள். சின்னப் பிள்ளைக்கு இவ்வளவா?
– வாசகர், வாடிப்பட்டி

ஆள் சிறிசு என்று பாம்பு விஷத்தைக் குறைத்தா இறக்குகிறது? மருந்து விஷத்தின் அளவுக்கு, உடல் எடைக்கு அல்ல. கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் இறக்கும். ஒரு குப்பி சுமார் 6 மில்லிகிராமை முறிக்கும். அதனால்தான் 10 குப்பியில் தொடங்குகிறார்கள்.

மறுபடி ஏற்றுவதா என்பதை ஒரு கண்ணாடிக் குழாய் சொல்லும். சுத்தமான, உலர்ந்த குழாயில் 2 மில்லி ரத்தத்தை அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் வேலை செய்கிறது. பிளாஸ்டிக் குழாயோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயோ தப்பான முடிவைத் தரும். உறைய வைக்கும் புரதங்களைக் கல்லீரல் திரும்பச் சுரக்க ஆறு மணி நேரம் ஆகும். அதற்கு முன் சோதித்துப் பயனில்லை. அப்போதும் உறையாவிட்டால்தான் அடுத்த தவணை. மருந்து ஏறும்போது அரிப்பு, தடிப்பு, நடுக்கம், மூச்சிரைப்பு வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பதால் வரும் ஒவ்வாமை அது. அட்ரினலின் ஊசியில் அடங்கும்.

உலகின் கொடிய விஷப் பாம்பு ஆஸ்திரேலியாவில். ஆனால் சாவு நம் ஊரில் ஏன் அதிகம்?
– கல்லூரி மாணவர், திருமங்கலம்

அங்கே பாம்புக்கடியில் சாவது ஆண்டுக்கு இரண்டு, மூன்று பேர். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர் என்று ஆய்வு மதிப்பிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகம் முழுக்க 81,000 முதல் 1,38,000 வரை. கை கால் இழந்து முடங்குவோர் அதைப் போல மூன்று மடங்கு. வெறுங்காலோடு வயலில் இறங்குவதும், ஆஸ்பத்திரிக்குப் பிந்துவதும்தான் வித்தியாசம்.

வீட்டைச் சுற்றி பூண்டு கரைசல், ஃபினாயில் தெளித்தால் பாம்பு வராதா?
– வாசகி, அலங்காநல்லூர்

வரும். எலி இருக்கும் இடத்துக்கு வரும். விறகு அடுக்கையும் கோழிக்கூட்டையும் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். கொசு வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நாலு பக்கமும் செருகிப் படுங்கள்.