அயித்தையின் குறட்டையும் ஐப்பசி வடகமும்

கேள்வி: காரைக்குடி பக்கத்தில் ஒரு ஊரில், பெரிய வீட்டில் இருக்கிறேன். வயது 47. 14 அத்தியாயத்தில் ஒரு நகைச்சுவைக் கதை எழுதி முடித்திருக்கிறேன். எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய கற்பனை ராஜ்ஜியம். ராஜா வேட்டைக்குப் போய் வழி தவறிவிடுகிறார். ராணி தனியாக நின்று கோட்டையைக் காக்கிறாள். தூணில் இருக்கும் யாளி உயிர் பெற்று அவளுக்குக் காவல் நிற்கிறது. அதற்குச் சம்பளம் வெள்ளைப் பணியாரம். ஒரு இடத்தில் ராஜமாதா குறட்டை விடுவதாக வரும். அது தன்னைத்தான் என்று என் மாமியார் 11 நாளாக என்னோடு பேசவில்லை. அவருக்குக் கண்ணில் புரை விழுந்து 4 வருஷமாகிறது, படிக்க முடியாது. என் ஓரகத்திதான் படித்துக் காட்டியிருக்கிறாள். என் கணவரோ ‘வீட்டில் அல்லி ராஜ்ஜியம்’ என்று கேலி செய்கிறார். அந்த இடத்தை எடுத்துவிடவா? எழுதுகிறவளுக்கு இந்தச் சுதந்திரம்கூடக் கிடையாதா? கதையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். – பெயர் வேண்டாம்

பதில்: ஆச்சி, எழுத்துச் சுதந்திரம் பற்றி நாலு நல்ல வார்த்தை எதிர்பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாமியார் பேசவில்லை என்று எனக்கு வாரத்துக்கு இரண்டு கடிதமாவது வருகிறது. 11 நாளெல்லாம் அதில் சேர்த்தியே இல்லை.

நான் நின்றுபோன இடம் வேறு. ‘கண்ணில் புரை விழுந்து 4 வருஷமாகிறது.’ ஓரகத்தியைப் பற்றிச் சொல்லும் அவசரத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். கதையின் 14 அத்தியாயத்தையும் விட அந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

4 வருஷம்! காரைக்குடியிலிருந்து மதுரை என்ன இமயமலையிலா இருக்கிறது? இரண்டு மணி நேரப் பஸ் பயணம். 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரி தொடங்கியது அந்த ஊரில்தான். மங்கிப்போன வில்லையை எடுத்துவிட்டு செயற்கை வில்லை வைக்கிறார்கள். பலரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ‘அவர்களே வேண்டாம் என்றார்கள்’ என்று ஒரு பதில் வைத்திருப்பீர்கள். எத்தனை தடவை கேட்டீர்கள்? பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்களா, வளவை, அந்த நடு முற்றத்தைக் கடந்து போகும்போது கேட்டீர்களா?

இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். கல்யாணம் முடிந்ததும் மகனை வேறு வைப்பது நம் பக்கத்து வழக்கம். ஒரே கூரை, தனி அடுப்பு, தனிச் செலவு. நல்ல ஏற்பாடுதான், மருமகளுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. ஆனால் ஆத்தாவின் கண் எந்தப் புள்ளியின், அதாவது வேறு வைத்த எந்த ஜோடியின் செலவுக் கணக்கில் வரும்? மூத்த மகன், தம்பி பார்ப்பான் என்று இருப்பார். தம்பி அண்ணன் பார்ப்பார் என்று இருப்பார். இரண்டு அடுப்புக்கும் நடுவில் அந்தம்மா தூணைத் தடவிக்கொண்டு நடப்பார்.

எனக்கு இதில் இரண்டு கருத்து கிடையாது. பெரியவர்களின் கண்ணும் காதும் பல்லும் அந்த வீட்டில் இருக்கிற பிள்ளைகளின் பொறுப்பு. மகன் மறந்தால் மருமகள் ஞாபகப்படுத்த வேண்டும். பழைய பஞ்சாங்கம் என்பீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு நான் சத்தமாகவே சிரித்தேன். நடு வளவில் படுத்திருக்கும் ராஜமாதாவின் குறட்டை நாலு பக்கத் தாழ்வாரத்திலும் மோதி, கோட்டை மதிலைத் தாண்டிப் போகிறது. எதிரித் தளபதி அதைப் போர் முரசு என்று நினைத்து, இத்தனை முரசுக்கு எத்தனை படை இருக்குமோ என்று நடுங்கி, ராத்திரியோடு ராத்திரியாகக் கூடாரத்தைச் சுருட்டுகிறான். நாடு பிழைத்ததே அந்தக் குறட்டையால்தான்! அந்த அடுத்த பத்தி உங்கள் அயித்தை காதுக்குப் போனதா? குறட்டையோடு புத்தகம் மூடப்பட்டிருக்கும் என்று அடித்துச் சொல்வேன்.

உங்கள் கோட்டைக்கு ஒரே வாசல் வைத்திருக்கிறீர்கள். செட்டிநாட்டு வீட்டில் வாழ்கிறவர் இப்படி எழுதலாமா? முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும் வீடுகள் நம்முடையவை. ராணி முன்வாசலில் யாளியை நிறுத்திவிட்டுப் பின்கட்டை மறந்துவிட்டாள். உங்களுக்கும் படை அந்த வழியாகத்தான் வந்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஓரகத்தி என்ன எண்ணத்தில் படித்தாளோ, ஆனால் அந்தக் கண் தெரியாத மனுஷியின் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள் அவள். நீங்கள் இல்லை.

நீங்கள் உட்கார்ந்து படித்திருந்தால் கதையும் தப்பித்திருக்கும். ஐப்பசி மாதம் முற்றுகை என்று எழுதிவிட்டு, ராணி முற்றத்தில் வடகம் காயவைக்கிறாள் என்கிறீர்கள். ஐப்பசி அடைமழையில் எந்த ஆச்சி வடகம் போடுவாள்? முற்றத்துத் தண்ணீரில் வடகம் மிதக்கும். பங்குனி, சித்திரை வெயிலுக்கு விடிவதற்குள் கூழ் கிண்டி, வேட்டியை விரித்து, காக்காய்க்குக் காவல் இருந்தவருக்கு இந்தத் தப்பு ஒரே வரியில் பிடிபட்டிருக்கும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக் கரு சேர்த்து இழைத்த சுவரில் எதிரி வீரர்கள் ஏறி ஏறி வழுக்குகிறார்களே, அந்தப் பூச்சு விவரமெல்லாம் யார் வாயிலிருந்து கேட்டது என்று யோசித்துப் பாருங்கள். ராணி தூவும் மிளகாய்ப் பொடி விஷயத்தில் மட்டும் அயித்தையும் உதவ மாட்டார், அதை நானே சொல்கிறேன். மிளகாய் நம் ஊருக்கு வந்தது போர்ச்சுகீசியர்களோடு. அவர்களுடைய கப்பல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்ததே 1498இல். உங்கள் ராணி மிளகுப் பொடியைத் தூவட்டும், அதுவும் போதுமான அளவு எரியும்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. 1772இல் காளையார்கோவிலில் தன் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, விருப்பாச்சிப் பக்கம் தங்கியிருந்து, ஹைதர் அலியின் உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டவர் வேலு நாச்சியார். அல்லி கதையில் வருகிறவள், இவர் இதே சீமையை ஆண்டவர். கேலி செய்கிற நேரத்தில் உங்கள் கணவர் தன் ஆத்தாவுக்கு மதுரைக்கு ஒரு கார் பேசட்டும். செலவை அண்ணன் தம்பி பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

ஆப்பரேஷனுக்கு நாள் குறிக்கும் வரை, தினமும் சாயங்காலம் விளக்கு வைக்கும் முன் ஒரு அத்தியாயம் படித்துக் காட்டுங்கள். முதலில் பேசமாட்டார், படியுங்கள். ஓரகத்தியையும் கூப்பிடுங்கள், அவளும் அடுத்த பத்தியைக் கேட்கட்டும். குறட்டையை எடுக்க வேண்டாம், அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தவும் வேண்டாம். எப்படியும் வடகத்தில் ‘நிறுத்து’ என்பார். பேனாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வடகத்தைப் பங்குனிக்கு மாற்றுவதா, முற்றுகையையே மாற்றுவதா என்பதை அவரே சொல்லட்டும்.