கொட்டகையில் தகைவிலான் கூடு: எவ்வளவு அருகில் போகலாம்?

கேள்வி: கனடாவில், ஒன்டாரியோவில் பழைய பண்ணை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். கொட்டகை உத்தரத்தில் தகைவிலான் குருவிகள் சேற்றைக் கொண்டுவந்து கூடு கட்டுகின்றன. ஏணி வைத்து முட்டையைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் பிள்ளைகள். கீழே நிற்கும் டிராக்டர் எச்சத்தால் பாழாகும், கூட்டை எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?

பதில்: ஏணி வேண்டாம். ஒரு நாற்காலியும் அரை மணி நேரமும் போதும். நாற்காலியை எங்கே போடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். கதவுக்கும் கூட்டுக்கும் நடுவே உட்கார்ந்தால் பறவை உள்ளே வரத் தயங்கி வெளியிலேயே வட்டமடிக்கும். பக்கச் சுவரை ஒட்டி, தினமும் அதே இடத்தில் உட்காருங்கள். 'விட் விட்' என்று கத்திக்கொண்டு தலைக்கு மேல் பாய்ந்தால் இன்னும் தள்ளிப் போங்கள்.

ஒரு கூட்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சேற்று உருண்டைகள் வேண்டும். அத்தனையும் அலகிலேயே வந்து சேர வேண்டும். மழை இல்லாத நாட்களில் முற்றத்து மண்ணில் ஓரிடத்தைத் தண்ணீர் ஊற்றிச் சேறாக வைத்திருங்கள். பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை இது. எடுக்க வரும் பறவையைத் தரையிலேயே பார்த்துவிடலாம். வால் நீளமாக இருந்தால் அது ஆண்.

வழக்கமாக 4, 5 முட்டைகள். ஏறக்குறைய இரண்டு வாரம் அடைகாக்கும். அப்புறம் குஞ்சுகள் மூன்று வாரம் போலக் கூட்டில் இருக்கும்.

எச்சத்துக்கு வருகிறேன். குஞ்சுகள் சிறியதாக இருக்கும்வரை அவற்றின் எச்சத்தைத் தாயும் தந்தையுமே கவ்விக்கொண்டு போய் வெளியே போட்டுவிடும். 12 நாள் வாக்கில்தான் குஞ்சுகள் கூட்டு விளிம்புக்குப் பின்புறத்தைத் திருப்பித் தாமே கீழே போடத் தொடங்கும். தரையில் எச்சம் திடீரென்று கூடினால் குஞ்சுகள் வளர்ந்துவிட்டன என்று தெரிந்துகொள்ளலாம். நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய நாட்களும் அவைதான். இந்த வயதில் யாராவது நெருங்கினால், இறகு முற்றாத குஞ்சுகள் பயந்து குதித்துவிடும். நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போடுங்கள். டார்ச், ஃபிளாஷ் எதுவும் வேண்டாம்.

டிராக்டரை நகர்த்துங்கள், முடியாவிட்டால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைக் கலைப்பது கனடாவின் வலசைப் பறவைச் சட்டப்படி குற்றம். உங்கள் கணவரிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

குஞ்சு கீழே விழுந்திருந்தால் தயங்காமல் எடுத்துக் கூட்டில் வையுங்கள். ஏணி ஏற வேண்டிய ஒரே நேரம் அதுதான். மனிதர் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று சொல்வது உண்மையல்ல. கூடே உடைந்து விழுந்தால் சிறிய கூடை ஒன்றில் வைக்கோலோடு குஞ்சுகளை வைத்து, அதே இடத்தில் ஆணியடித்து மாட்டுங்கள். பெரும்பாலும் பெற்றோர் தேடிவந்து ஊட்டும்.

பறக்கத் தொடங்கிய பிறகும் சில நாள் இரவில் குஞ்சுகள் கூட்டுக்கே தூங்க வரும். அதே கூட்டில் மறுபடி முட்டையிடுவதும் உண்டு. பகலில் கூடு காலியாகத் தெரிகிறது என்று கொட்டகைக் கதவைச் சாத்திவிடாதீர்கள்.