ஒன்றுமே நடக்காத அரைமணி நேரம்

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை செய்கிறேன். விடியுமுன் நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் போகையில் செல்போனில் பேய்க்கதை கேட்பது வழக்கமாகிவிட்டது. அலறலும் ரத்தமுமாக வரும் கதைகள் சலிக்கின்றன. அரைமணி நேரம் ஒன்றுமே நடக்காமல் மெல்ல நகரும் கதைகளில்தான் உடம்பு சிலிர்க்கிறது. இது என்ன கோளாறு என்று மனைவி கேட்கிறாள்.
– ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: கோளாறு ஏதுமில்லை. உங்கள் மாவட்டத்தில் தலைமுறைகளாகக் கதை கேட்டுவரும் முறையும் இதுதான். கோயில் கொடைத் திருவிழாக்களில் இரவெல்லாம் நடக்கும் வில்லுப்பாட்டில் கள்ளியங்காட்டு நீலி கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நகைக்காகத் தன்னைக் கொன்றவனை மறுபிறவியில் தேடி வரும் நீலி, கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனே தன் கணவன் என்று ஊர்ப் பெரியவர்கள் முன் வழக்காடுகிறாள். அவள் கண்ணீரை நம்பிய பெரியவர்கள் அவனை அன்றிரவு அவளோடு தங்கச் சொல்கிறார்கள். அவள் யாரென்பது கேட்பவர்களுக்கு முன்பே தெரியும், தீர்ப்புச் சொல்பவர்களுக்குத் தெரியாது என்பதால், பஞ்சாயத்து நீள நீளக் கேட்பவரின் நெஞ்சு இறுகுகிறது. என்னைக் கேட்டால், கதவு சாத்தப்படும் வரை நடக்கும் அந்த வாதம்தான் கதையின் மிகப் பயங்கரமான பகுதி. பின்னால் வரும் கொலை வெறும் சம்பிரதாயம்.

வானொலிக்காரர்களும் இதை அறிந்திருந்தார்கள். செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்ததாகச் சொன்ன, 1938 அக்டோபர் 30 அன்று ஒலிபரப்பான அமெரிக்க நாடகம், சிறு முன்னுரைக்குப் பின் வானிலை அறிக்கையும் நடன இசையுமாகத்தான் தொடங்கியது.

திரையில் வரும் பேய் எல்லாருக்கும் ஒரே பேய்தான். ஒருமுறை பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும். ஒலிக்கதையிலோ, மாடிப்படியில் யாரோ நிற்கிறார் என்று மட்டும் சொல்லப்படுகிறது. அந்தப் படியையும் ஆளையும் நீங்களே, உங்களுக்குத் தெரிந்த வீடுகளிலிருந்து எடுத்துக் கட்டிக்கொள்கிறீர்கள். நிதானமான கதைசொல்லி இடையே மௌனமும் விடுவார். அந்த மௌனத்தில் உங்கள் காது கதையை விட்டுத் தோட்டத்தைக் கேட்கத் தொடங்கும். காய்ந்த சருகு நகர்வதும், பருவமாயிருந்தால் ரப்பர்க்காய் வெடிப்பதும் கதைக்குள் சேர்ந்துவிடும். இந்த வசதி கூடத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு வாய்ப்பதில்லை.

உங்கள் தொழிலுக்கும் இது பொருந்துகிறது. பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும் குளிர்ந்த வேளையில் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டு வேலையைத் தவிர்க்க முடியாது. கையும் கண்ணும் பட்டையில் இருக்க, காது மட்டும் சும்மா இருக்கிறது. திடீர் அலறலுக்குக் கை துள்ளிக் கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். மெல்ல ஏறும் பயத்தில் அந்த ஆபத்து குறைவு.

ஆனால் தோட்டத்தில் ஒரு காதைத் திறந்தே வையுங்கள்; பாம்பும் காட்டுப்பன்றியும் கதையில் வருபவை அல்ல. இரண்டு காதுகளின் இடத்தில் தனித்தனி மைக் வைத்துப் பதிவுசெய்த கதைகளில் காலடி ஓசை முதுகுக்குப் பின்னாலிருந்தே வருவதுபோல் இருக்கும். அவற்றை வீட்டுக்கென ஒதுக்குங்கள். மனைவிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, அப்படிப்பட்ட கதையொன்றை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஹெட்போனில் கேட்கக் கொடுங்கள். பாதியில் கழற்றிவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.