பேராதனையும் கண்டியும் ஒரே நாளில்: பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்வோர் கேட்ட கேள்விகள்

கண்டிக்குப் பக்கத்தில் உள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன் நான். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டவும் போயிருக்கிறேன். அதனால் வந்த கேள்விகள் இவை.

வவுனியாவிலிருந்து ஓர் ஆசிரியர்: உயர்தரப் பிள்ளைகள் ஒரு பஸ் நிறைய வருகிறோம். காலையில் தலதா மாளிகை (புத்தரின் பல் இருக்கும் கோயில்), பிறகு பேராதனைத் தாவரவியல் பூங்கா, மத்தியானம் பல்கலைக்கழகம், பின்னேரம் கடைத்தெரு என்று போட்டிருக்கிறோம். சரிவருமா?

சரிவராது சேர். தலைகீழாகப் போடுங்கள். பல்கலைக்கழகத்தைக் காலையில் பார்க்க வேண்டும். விரிவுரைகள் நடக்கும், ஆய்வுகூடங்கள் திறந்திருக்கும், கதைக்க ஆட்கள் இருப்பார்கள். பின்னேரம் போனால் கட்டடங்களைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

கண்டிக்கும் பேராதனைக்கும் இடையில் ஆறேழு கிலோமீற்றர்தான். ஆனால் பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலோ விடும் நேரத்திலோ அந்தத் தெருவில் மாட்டினால் பிள்ளைகளின் பாதி உற்சாகம் பஸ்ஸிலேயே தீர்ந்துவிடும். நீங்கள் மாத்தளை வழியாக வருவதால் கண்டி நகரத்தைத் தாண்டித்தான் பேராதனைக்குப் போக வேண்டும். ஏழு மணிக்கு முன் நகரத்தைக் கடந்துவிடுங்கள்.

பூங்காவை விட்டுவிடுங்கள் என்பேன். 147 ஏக்கர். மகாவலி மூன்று பக்கமும் வளைத்து ஓடும் அந்த இடத்தை ஒரு மணித்தியாலத்தில் ஓடிப் பார்ப்பதைவிடப் பார்க்காமலே வரலாம். உயிரியல் பிள்ளைகள் மட்டும் என்றால் வேறு கதை. அவர்களுக்கு இரட்டைத் தென்னையும் பனை வரிசையும் மரத்தில் தொங்கும் பழவௌவால் கூட்டமும் ஒரு முழுப் பாடம். அப்படியானால் கண்டி நகரத்தை விட்டுவிடுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து ஓர் ஆசிரியை: அனுமதி எடுக்க வேண்டுமா?

கட்டாயம், ரீச்சர். வீதியால் நடந்து பார்ப்பது ஒன்று, பீடத்துக்குள் போவது வேறு. எந்தப் பீடம் பார்க்க வேண்டுமோ அதன் பீடாதிபதிக்கு அதிபரின் கையெழுத்துடன் சில வாரங்களுக்கு முன்பே கடிதம் போடுங்கள். பிள்ளைகள் எத்தனை பேர், எந்தப் பிரிவு என்பதை எழுதுங்கள். ஒன்பது பீடங்களையும் கேட்காதீர்கள், இரண்டு போதும். கால்நடை மருத்துவ பீடத்தை யோசித்துப் பாருங்கள். நம் பிள்ளைகள் அதைத் தெரிவுப் பட்டியலில் கடைசியில்தான் எழுதுகிறார்கள். நேரில் பார்த்தபின் மனம் மாறியவர்களை எனக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாணவி: அண்ணா, நான் கலைப்பிரிவு. எல்லாரும் மருத்துவ பீடத்தையும் பொறியியல் பீடத்தையும்தான் காட்டுகிறார்கள். எங்களுக்கு அங்கே என்ன இருக்கு?

தங்கச்சி, உண்மையில் அந்த வளாகம் உங்களுடையதுதான். பொறியியல் பீடம் 1964இல்தான் கொழும்பிலிருந்து வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அக்பர் பாலத்தால் போக வேண்டும். கலைப்பீடம் 1952இலிருந்தே பேராதனையில் இருக்கிறது.

முதலில் திறந்தவெளி அரங்குக்குப் போங்கள். சரிவில் படிபடியாக இருக்கைகள், மேலே மரங்கள். சிங்கள மாணவர்கள் 'வள' என்பார்கள், பள்ளம் என்று பொருள். இன்று அது நாடகாசிரியர் சரச்சந்திரவின் பெயரில் இருக்கிறது. அவர் இங்கே சிங்கள நாடகத்துக்குப் புது உயிர் கொடுத்த காலத்தை ஒட்டி, தமிழ்த்துறையில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, கூத்துப் பழக்கும் அண்ணாவியார்களை அழைத்து, மாணவர்களை ஆடவைத்தார். 'இராவணேசன்' அப்படி வந்ததுதான். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு. வித்தியானந்தன் பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். நீங்கள் ஊரில் தினமும் கடந்து போகும் வளாகத்தின் வேர் ஒன்று இந்த மலையடிவாரத்தில் இருக்கிறது.

க. கணபதிப்பிள்ளை தமிழ்ப் பேராசிரியராக இருந்ததும், விமர்சகர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் மாணவர்களாக இருந்ததும் இங்கேதான். அவர்களை வாசித்துவிட்டு வாருங்கள். அப்புறம் நூலகத்தைப் பாருங்கள். அனுமதி கிடைத்தால் தமிழ்ப் பகுதியில் அரை மணித்தியாலம் சும்மா நில்லுங்கள்.

அதே குழுவின் ஆசிரியர்: நடந்து பார்க்க ஒரு வழி சொல்லுங்கள்.

கலகா வீதி வளாகத்தின் நடுவால் போகிறது. பஸ்ஸைச் செனட் கட்டடத்துக்குக் கிட்ட விட்டுவிட்டு நடவுங்கள். கூரைகளைப் பாருங்கள், கண்டிப் பாணி. ஒரு நகரத்தைத் திட்டமிடுவதுபோலத்தான் இந்த இடத்தையும் திட்டமிட்டார்கள். நகரத் திட்டமிடலாளர்களான அபர்குரொம்பியும் ஹொலிடேயும் வரைந்த திட்டத்துக்கு உருவம் கொடுத்தவர் ஷேர்லி டி அல்விஸ் என்ற கட்டடக் கலைஞர். 1954இல் எலிசபெத் மகாராணியின் முன்னிலையில் எடின்பரோ கோமகன் வளாகத்தைத் திறந்துவைத்தபோது டி அல்விஸ் உயிரோடு இல்லை.

விடுதிகளின் பெயர்ப்பலகையையும் வாசிக்கச் சொல்லுங்கள். அருணாசலம் விடுதி, இராமநாதன் விடுதி: அண்ணன் தம்பி. 1906இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்துக்குத் தலைவராக இருந்து, நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று கேட்டவர் தம்பி அருணாசலம். அது 1942இல்தான் கிடைத்தது. அவர் 1924இலேயே போய்விட்டார்.

கால் வலிக்காதவர்கள் குறிஞ்சிக்குமரன் கோயிலுக்கு ஏறலாம். ஏற்றம்தான், மேலிருந்து வளாகம் முழுக்கத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டைக் கன்ரீனில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்கே தமிழ்ப் பிள்ளைகளோடு கதைக்கக் கிடைக்கும் அரை மணித்தியாலம், மண்டபத்தில் நடக்கும் எந்த உரையைவிடவும் பெறுமதி.

கிளிநொச்சியிலிருந்து ஒரு மாணவன்: அவர்களிடம் என்ன கேட்கிறது?

தம்பி, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியைக் கேட்காதே. அது ஒவ்வொரு வருடமும் மாறும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் வெட்டுப்புள்ளி இருக்கு. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டம், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்பதும் அதிலேயே இருக்கு. ஆங்கிலத்தில் விரிவுரை தொடங்கியபோது முதல் மூன்று மாதம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேள். மாதச் செலவு எவ்வளவு, விடுதி எத்தனை வருடம் கிடைக்கும், சிங்களம் தெரியாமல் வந்தவர் யார் என்று கேள். கைநூலில் இதெல்லாம் இல்லை.

ஒரு தகப்பனார்: மகளை அனுப்பப் பயமாக இருக்கிறது. பகிடிவதை?

பயம் நியாயமானது ஐயா, இல்லை என்று சொல்லிச் சமாளிக்க மாட்டேன். 1997இல் இதே பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த வருடமே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது, பகிடிவதை இன்று சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சட்டம் வந்ததால் முழுதாக நின்றுவிடவும் இல்லை. முறைப்பாடு எங்கே, யாரிடம் செய்வது என்பதைச் சுற்றுலா நாளிலேயே பீடத்தில் வெளிப்படையாகக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டால் இன்னும் நல்லது.

திருகோணமலையிலிருந்து ஓர் ஆசிரியை: கண்டியில் எதைப் பார்க்கலாம்?

மூன்று மணிக்கு மேல் இறங்கினால் வாவியைச் சுற்றிய பகுதி மட்டும் போதும். 1807இல் அந்த வாவியை வெட்டுவித்த ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன், கண்ணுசாமி என்ற பெயரில் பிறந்த நாயக்கர் வம்சத்தவர். 1815இல் ஆங்கிலேயர் பிடித்து வேலூருக்கு அனுப்பினார்கள், 1832இல் அங்கேயே இறந்தார். இந்தக் கதையை வாவிக்கரையில் நின்று சொன்னால் வரலாற்றுப் பாடம் ஒட்டிக்கொள்ளும்.

தலதா மாளிகைக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், செருப்பு வெளியே. மாலைப் பூசை ஆறரை மணியளவில், கூட்டம் நெருக்கும். பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவரை விடுங்கள். பக்கத்திலேயே நாதர், விஷ்ணு, பத்தினி தேவாலயங்கள், கொஞ்சம் தள்ளிக் கதிர்காமத் தேவாலயம். பத்தினி நம் கண்ணகிதான். மட்டக்களப்பு, திருகோணமலைப் பிள்ளைகளுக்கு அதை விளக்கவே தேவையில்லை.

கடைத்தெருவுக்கு முக்கால் மணித்தியாலம், அதற்கு மேல் வேண்டாம்.

ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியர்: நாங்கள் ரயிலில் வரலாமா? தேயிலை அருங்காட்சியகம் பார்க்க வேண்டுமா?

ரயில்தான் நல்லது. வளாகத்துக்குப் பக்கத்திலேயே சரசவி உயன என்று சிறு நிலையம் இருக்கிறது. எல்லா வண்டியும் நிற்காது, கேட்டுவிட்டு ஏறுங்கள்.

அருங்காட்சியகம் ஹந்தானையில், 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலையில் இருக்கிறது. இயந்திரங்கள் அருமை. துரைமாரைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். கொழுந்து எடுத்தவர்களின் கதையை உங்கள் பிள்ளைகளே அங்கே சொல்ல வேண்டியிருக்கும். போவதென்றால் அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.

கடைசியாக ஒருவர்: எந்த மாதம்?

தலதா மாளிகை ஊர்வலமான பெரஹரா நடக்கும் ஆடி, ஆவணி வேண்டாம், வீதிகளை மூடிவிடுவார்கள். போயா (பௌர்ணமி) தினமும் வேண்டாம், பல்கலைக்கழகம் மூடியிருக்கும், தலதா மாளிகையில் கால் வைக்க இடமிராது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை அடிக்கும். கடிதம் போடும்போதே பரீட்சைக் காலமா, விடுமுறையா என்று கேட்டு நாளைக் குறியுங்கள்.